இடைவெளி விட்டுத் தட்டவும்

காது பற்றிய வரியை மட்டும் திருத்திவிடுங்கள், ஐயா. மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது. கையெழுத்தும் அழகு.

'காவலாளி கன்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு, பென்னலூர், செவித்திறன் குறைந்தவர்' என்று வாக்குமூலத்தில் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டில் உட்கார்ந்தபடியே ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் கியர் மாற்றுவதைச் சொல்வேன். அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி: 'உள்ளே சிக்கியவர் கதவில் தட்டியிருக்கிறார். அது மோர்ஸ் சங்கேதமாக இருக்கலாம். அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் எவரும் அப்போது வளாகத்தில் இல்லை.'

இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட முடியாது. நான் இருந்தேன்.

மானேஜர் ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணைக் காட்டுகிறார். போட்டுவிட்டு வா என்கிறார். நல்ல மனிதர். போட்டால் இன்றோடு முடிந்துவிடும் என்று காலையிலேயே சொன்னார். முடிவது முக்கியமில்லை. எழுத்தில் தப்பாக நிற்கக்கூடாது.

நான் மோர்ஸ் கற்றது ஜபல்பூரில், ராணுவத்தில். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மோர்ஸில் இரண்டே ஒலிகள். குட்டை, நெட்டை. அவற்றை அடுக்கினால் ஆங்கில எழுத்து. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளிதான் மோர்ஸ். அது இல்லாவிட்டால் தகரத்தில் மழை பெய்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

என்னோடு சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் தேறினார்கள். எனக்குப் பதினோரு மாதம் ஆனது. நான்காவது தேர்வு. சீக்கிரம் கற்றவன் சீக்கிரம் மறப்பான். தேறியதும் என்னைப் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பிரிவில் போட்டார்கள். கருவியின் அருமை தெரிந்தவனிடம்தான் பாட்டரியைக் கொடுப்பார்கள். இருபத்தோரு வருடம் பாட்டரி பார்த்தேன். தினமும் காலையில் இருபத்தாறு எழுத்தையும் தொடையில் ஒரு முறை தட்டிவிட்டுத்தான் பல் துலக்குவேன். என் மனைவி இறந்த அன்றும் தட்டினேன்.

ஓய்வு பெற்று வந்து இந்த ஸ்டீல் பீரோ கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். நீங்களே பார்த்தீர்கள், கேட்டிலிருந்து ஆபீஸ் மூன்று பர்லாங். வடக்குப்பட்டுக்காரர்களின் மானாவாரி நிலம், மொத்தமாக மலிவாகக் கிடைத்ததால் வாங்கிப்போட்டார்கள். கேட்டில் லாரி வந்தால் ஆபீசுக்குச் சொல்ல வழியில்லை. டெலிபோன் வரட்டும், எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார் மானேஜர். டெலிபோனுக்கு எழுதிப்போட்டு ஏழு வருடம்.

நான்தான் யோசனை சொன்னேன். கேட்டில் தட்டுகிற சாவி ஒன்று. ஆபீஸ் சுவரில் ஒரு பஸ்ஸர். பதிலுக்கு அங்கே ஒரு சாவி, இங்கே ஒரு பஸ்ஸர். நடுவே கம்பி. மானேஜர் சம்மதித்தார். தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தார்.

எட்டு மாதம் அது நன்றாக வேலை செய்தது. லாரி வந்ததும் நான் தட்டுவேன். எந்த லாரி, எத்தனை டன், என்ன சரக்கு, எல்லாம் முறைப்படி. தட்டி முடித்ததும் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்து போய், என்ன தட்டினேன் என்று சொல்வேன். ஆபீசில் மோர்ஸ் தெரிந்தவர் யாருமில்லை. அது என் குற்றமல்ல.

சாலமோன் கான்டீன் சமையல்காரன். போன வருடம் வந்து சேர்ந்தான். கான்டீன் ஆபீசுக்கு அடுத்த சுவர். அவன் வந்து மூன்றாம் நாள் நான் தகடு லாரி வந்ததைத் தட்டினேன். தட்டி முடித்துக் கேட்டைப் பூட்டப்போனபோது என் பக்கத்துப் பஸ்ஸர் ஒலித்தது. ஒரே ஓர் எழுத்து. ஆர். கிடைத்தது என்று பொருள். சேதி வாங்குகிறவன் கடைசியில் கொடுக்கவேண்டிய எழுத்து. எட்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் ஆர் அதுதான். கேட்டில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நடந்து போனேன்.

மானேஜர் வாசலிலேயே நின்றார். "இன்னாத்துக்குய்யா நடந்து வர்ற? தகடு லாரி, எட்டு டன். சாலமோன் சொல்ட்டான். போ, போய் கேட்டைத் தெற."

கான்டீனில் முனியம்மாள் சிரித்தாள். அவள் பாத்திரம் தேய்ப்பவள். "வாட்ச்மேன் அண்ணே, நீ தட்டிட்டு நடந்து வர்றதுக்குள்ள என் சாம்பாரு ரெண்டு தபா கொதிக்கும். இனிமே செருப்பு தேயாது உனுக்கு."

சாலமோன் எங்கே கற்றான் என்று கேட்டேன். அவனும் ராணுவம்தான். ஆனால் சமையற்கட்டு. பயிற்சிக் கொட்டகைக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்திருக்கிறான். அங்கே பையன்கள் தட்டுவதைக் கேட்டுக் கேட்டு மனதில் நின்றுவிட்டதாம்.

"அது ஒரு பெரிய வித்தையாண்ணே? நம்ம பேச்சுலயே கீது. குறிலு குட்டை, நெடிலு நெட்டை. ஏ-வுக்கு பலா. எம்-முக்கு மாமா. எஸ்-ஸுக்கு குருவி. என்-னுக்கு மாடு. டி-க்கு காவடி. ஆர்-ருக்கு கிடாரி. சொல்லிப் பாரேன். கி-டா-ரி. குட்டை, நெட்டை, குட்டை. செத்தாலும் மறக்காது."

இருபத்தாறு எழுத்தையும் அவன் மாட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டான். நான் பதினோரு மாதம் கற்றதை முனியம்மாள் ஒன்பது நாளில் கற்றாள். படிக்காதவள். கரண்டியால் குண்டானில் தட்டுவாள், பெயின்ட் பிரிவிலிருந்து யாராவது ஸ்பேனரால் பதில் தட்டுவார்கள். டீ ரெடி. வடை தீர்ந்தது. வாட்ச்மேன் வருகிறார். இதையெல்லாம் தட்டினார்கள், ஐயா. ஜபல்பூரில் இதற்குத் தண்டனை உண்டு.

அவர்கள் யாருக்கும் இடைவெளி தெரியாது. அதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாலமோன் என்னைப் பஸ்ஸரில் கூப்பிடும்போது அண்ணே என்று தட்டுவான். ஆங்கிலத்தில் ஏ, என், என், ஈ. நான்கு எழுத்து. அவன் தட்டுகிற வேகத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பி, டி என்று இரண்டே எழுத்தாகக் காதில் விழும். பி, டி-க்கு அர்த்தமில்லை. நான் பதில் கொடுக்கமாட்டேன். அவன் ஓடி வருவான்.

"கூப்ட்டேனே, கேக்கலியா?"

"இடைவெளி விட்டுத் தட்டு."

"உனுக்குப் புரிஞ்சிதா இல்லியா, அத்தச் சொல்லு."

"புரிவது வேறு. முறை வேறு."

சிரிப்பான். கோபப்படத் தெரியாதவன். அது ஒரு குறைதான்.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. சனி விஜயதசமி, ஞாயிறு விடுமுறை, திங்கள் வேலை. வெள்ளி காலையில் மெஷின்களைக் கழுவினார்கள். பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது மானேஜர் இரண்டு அறிவிப்புச் செய்தார். சனிக்கிழமை கான்டீனில் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சாலமோன் மோர்ஸ் வகுப்பு தொடங்குவான். திங்கள் முதல் கேட்டில் தட்டுகிற சாவியும் அவன் பொறுப்பு. கன்னியப்பன் பின் கேட்டுக்குப் போகலாம்.

பின் கேட் எப்போதும் பூட்டியே இருக்கும்.

எல்லோரும் கை தட்டினார்கள். சாலமோன் என் தோளில் கை வைத்தான். "கிளாஸ்ல மொத பெஞ்சு உனுக்குத்தாண்ணே. ஒண்ணும் தட்ட வேணாம். சும்மா வந்து குந்து, போதும்."

ஒவ்வொருவரும் தன் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பெயின்ட் காயவைக்கிற ஓவனுக்கு ஆளில்லை. அதைப் பார்க்கிற ரகுபதி லீவு. அடுப்பு என்றால் சமையல்காரன் வேலை என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். "நான் வேதக்காரன்டா, பரவால்லியா?" என்றான் சாலமோன். "ஓவனுக்கு இன்னா வேதம் கீது, போ நைனா" என்றார்கள். சுரண்டியும் சந்தனக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பொட்டு வைப்பதாகச் சொன்னான். நேர்த்தியாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறவன். இதை நான் மறுக்கமாட்டேன்.

ஒன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ் புறப்பட்டது. இரண்டு மணிக்கு நான் சுற்றி வந்தேன். விடுமுறைக்கு முன் எல்லாக் கதவையும் மூடவேண்டும் என்பது விதி. மூடினேன். மூடும் முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதும் விதி. பார்த்தேன். இருந்தான். முதுகு காட்டிக்கொண்டு பலா, மாடு, மாமா என்று ராகம் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். மறுநாள் வகுப்புக்குத் தயாராகிறான் போலிருக்கிறது.

ஓவன் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு வைத்திருக்கிறார்கள். கத்தினால் வெளியே வராது. இரும்பில் தட்டினால் வரும். தட்டத் தெரிந்தவன்தானே, தட்டட்டும் என்று நினைத்தேன். சரியாகத் தட்டினால் திறப்பது. அதை மூடும்போதே முடிவு செய்திருந்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

ஓவனுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பதிவேட்டைத் திறந்தேன். அது உங்கள் மேசையில்தான் இருக்கிறது, அந்த டீ டம்ளருக்குக் கீழே. நாற்பத்தாறாம் பக்கம். லாரி நம்பர் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். முதல் சேதி வெள்ளி இரண்டு பத்து. குட்டைக்குச் சுரண்டியால் ஒரு தட்டு, நெட்டைக்கு ஓர் இழுப்பு. பி, டி. பி, டி. பி, டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அண்ணே என்றுதான் தட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். முதல் தட்டிலேயே தெரியும். அதனால்தான் சொல்கிறேன், புரிந்துகொள்ளக்கூடியவர் இல்லை என்று எழுதுவது உண்மைக்கு மாறானது.

இரவு ஷிப்ட்டுக்குக் குன்றத்தூர்க் கண்ணப்பன் வந்தான். பிள்ளைகுட்டிக்காரன், பண்டிகைக்கு வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாளும் எல்லா ஷிப்ட்டும் நானே பார்த்தேன். ஓ.டி. கேட்கவில்லை.

சனி காலை ஒன்பதுக்குப் பிள்ளைகள் ஸ்லேட்டோடு வந்தார்கள். சார் வரவில்லை, வகுப்பு இல்லை என்றேன். பதினோரு மணிக்குச் சூசையம்மாள் பெயின்ட் பிரிவு வாசல்வரை வந்தாள். சாலமோனின் மனைவி.

"அண்ணே, நேத்திலேர்ந்து வூட்டுக்கே வர்ல. இங்க கீறாரா?"

"குன்றத்தூர் பஸ் ஏறியதைப் பார்த்தேன் அம்மா."

"தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்டாரா? சொல்லாம கொள்ளாம. வரட்டும், வச்சிக்கிறேன்." திரும்பப்போனவள் நின்றாள். "அது இன்னாண்ணே சத்தம்?"

"தகரம். வெயிலுக்கு விரிகிறது."

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சிரித்தாள். "எங்க வூட்டு மன்சன் சோத்துக் குண்டான்ல தட்ற மாரியே கீது. பாரேன், எங்க போனாலும் அந்த ஆளு நெனப்பே."

அவளிடம் சொன்னது பொய்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டூட்டி நேரத்தில் வெளியாட்களிடம் அதிகம் பேசக்கூடாது.

ஜபல்பூரில் எனக்கு நான்கு வாய்ப்புத்தான் கொடுத்தார்கள். நான் அவனுக்கு நூற்றுப் பதினெட்டு கொடுத்தேன். வெள்ளி அறுபத்தொன்று, சனி நாற்பத்தொன்பது, ஞாயிறு எட்டு. கூட்டிப் பார்க்கலாம்.

ஞாயிறு மூன்று இருபதுக்கு வந்தது நூற்றுப் பதினெட்டாவது. மிக மெதுவாக வந்தது. குட்டை, நெட்டை. பிறகு நீண்ட இடைவெளி. நெட்டை, குட்டை. இடைவெளி. நெட்டை, குட்டை. இடைவெளி. கடைசியாக ஒரே ஒரு குட்டை. ஏ. என். என். ஈ. நான்கும் தனித்தனியாக, சுத்தமாக. ஜபல்பூரில்கூட அப்படிக் கேட்டதில்லை. இத்தனை நாள் நான் சொன்னது வீண் போகவில்லை. கற்றுக்கொண்டான். 'தெளிவு' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தை ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

உடனே ஏன் திறக்கவில்லை என்பீர்கள். விடுமுறையில் மூடிய கதவைத் திறக்க மானேஜர் கையெழுத்து வேண்டும். திங்கள் காலை எட்டரைக்கு வாங்கினேன். அன்று காலை டெலிபோனும் வந்துவிட்டது. சாவைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டதே அதில் போன முதல் அழைப்பு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் பதில் கொடுக்காமல் இருக்கவில்லை. அது என்மீது வரக்கூடாது. சேதி தெளிவாகக் கிடைத்தால் ஆர் கொடுக்கவேண்டும். எழுந்து போய், தட்டுவதற்கு மோதிரத்தைக் கழற்றினேன். கதவில் கை வைத்தேன்.

ஆர் சட்டென்று வரவில்லை. எனக்கு எப்போதும் அது வராது, தவறிய மூன்று தேர்விலும் அந்த ஓர் எழுத்துதான். கிடாரி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துத் தட்டினேன்.