தியாகராஜா மாஸ்டர் எழுதாமல் விட்ட ஆமென்

தலைமை வகிக்கும் குருவானவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சபை மூப்பர்களே, மலாயாவின் இந்த மூவார் நகரத்துப் பெரியோர்களே, இன்று தங்கள் வழக்கமான வரிசையை விட்டுக் கதவோரத்தில் போய் அமர்ந்திருக்கும் பாடகர் குழுச் சகோதரிகளே!

நம் ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர், நில அளவை அலுவலகத் தலைமை எழுத்தர், திரு. சாமுவேல் தியாகராஜா சனிக்கிழமை காலை நம்மை விட்டுப் பிரிந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் மாலை ஆராதனைக்கு அவர் வாசித்தார். பின்னால் நின்று ஆர்கனுக்குக் காற்றுத் துருத்தி அடித்தவன் நான். ஒத்திகை முடிந்தபின் எனக்கும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். எப்பேர்ப்பட்ட மனிதர்! அவருடைய பாட்டுகள் எல்லாம் ஏன் பெண்களின் குரலுக்கே அமைந்தன? தெய்வீக ஏவுதல் என்றார் முன்னே பேசியவர். ஆண்களாகிய நாம் ஒரு நாளும் பாடுவதற்கு ஒத்திகைக்கு வந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மரியாளின் பாட்டுக்கு ஐந்து முறை இசையமைத்தார். மாலை ஆராதனையில் அதை அடுத்து வர வேண்டிய சிமியோனின் பாட்டுக்கு ஒருமுறைகூட இல்லை! குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய கிழவர், இனி நான் போகலாம் என்று ஆண்டவரிடம் விடை கேட்கும் பாட்டு அது.

“மாஸ்டர், பிஷப் வரேக்கை நாங்கள் எதைப் பாடுறது?” என்று கேட்டார் சகோதரி சரோஜினி.

“பிள்ளை, அந்தக் கிழவர் போக விடை கேக்கிறார். நான் இன்னும் கேக்கேல்லை.”

“மாஸ்டருக்குப் பயம் லா!” என்றார் சகோதரி ராசம்மா. எல்லோரும் சிரித்தோம். நான் துருத்தியை விட்டுவிட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புத் தாங்காமல் எழுதினார். போன வியாழக்கிழமை, காய்ச்சலோடு தாளை என்னிடம் தந்தார். “எல்லாம் சரி. ஆமென் மட்டும் போடேல்லை. அது அப்பிடியே கிடக்கட்டும், தம்பி.”

குறையுள்ள தாளை மேலிடத்துக்கு அனுப்பக் கூடாது என்று அலுவலகத்தில் அவருக்குக் கீழ் எழுத்தனாக இருக்கும் எனக்குக் கற்பித்தவர் அவரே. பிஷப்பைவிட மேலிடம் ஏது? வாரந்தோறும் அவர் வாசிக்கும் அதே ஆமெனை வெள்ளிக்கிழமை மதியம் நானே நல்ல மையில் எழுதி முடித்தேன். மறுநாள் காலை, மாஸ்டர் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னார்.

டாக்டர் மலேரியா என்கிறார். படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தத் தாள் இந்த மேசையில் இருக்கிறது; குருவானவர் தம் ஜெபப்புத்தகத்தை மறுகோடிக்கு நகர்த்தியதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. நானே சனிக்கிழமை முதல் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சூளுரைப்பது மரபு. எனக்கு முன் பேசிய மூவரும் சூளுரைத்தார்கள். ஆர்கனை யார் வாசிப்பது என்று எவரும் சொல்லவில்லை. பிஷப் வரும் ஞாயிறு மாலை நான் வாசிக்கிறேன். துருத்தியடிக்க அம்மூவரில் ஒருவர் வரட்டும்.

சகோதரிகளே, நீங்களும் வாருங்கள். கடைசி வரி வரைக்கும் மாஸ்டர் எழுதியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆமென் என் கையெழுத்து. அதை நீங்கள் பாட வேண்டாம். நான் ஒருவனே பாடுகிறேன். பெண்களின் குரலுக்கு எழுதிய பாட்டில் ஓர் ஆண்குரல் புகுவதை மாஸ்டர் பொறுத்துக்கொள்வார்.

நான் பாடி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.