நல்ல கண்ணத்தான் கெட்டணும்

அதில்ல அக்கா, கெட்டியிருக்கியதுதான் நல்ல கண்ணு. தெறந்து இருக்கியதாக்கும் கேடு. ஆமா, எல்லாரும் இப்படித்தான் முழிப்பாவ. எங்க அப்பாவும் அப்படித்தான். நல்ல கண்ணக் கெட்டணும்னு டாக்டரு படிச்சுப் படிச்சு செல்லி விட்டாரு. எங்க ஊரு காரோட்டுல போய் எறங்கினதும் ஆளு கூடிட்டு. புண்ணு வந்த காலுக்குல்லா கெட்டு போடுவாவ, நல்ல காலுக்கு எவனாம் போடுவானான்னு கேட்டாவ. அப்பா துணிய மாத்திக் கெட்டிட்டாரு. அடுத்த மாசம் இதே ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு டாக்டருட்ட நல்ல ஏச்சு வாங்கினாரு.

மக இல்ல அக்கா, தங்கச்சி. ஜெஸி. ஆறு வயசு. அம்ம இவளப் பெத்ததோட போயாச்சு. வளத்தினது நான், கொஞ்சுதது அப்பா.

கண்ணுல ஒரு கொறவும் இல்லியாம். மூளைலயாக்கும் காரியம். ரெண்டு கண்ணும் ரெண்டு படம் அனுப்புமாம். ஒரு கண்ணு மாறிப் பாத்தா படம் ரெண்டும் ஒத்து வராதுல்லா? அப்போ மூளை ஒரு கண்ணு செல்லியத மட்டும் கேட்டுக்கிட்டு மத்தத தள்ளிருமாம். தள்ளித் தள்ளி, பின்ன அந்தக் கண்ணு என்ன செல்லுச்சுனாலும் அதுக்குக் கேக்காது. நல்ல கண்ணக் கெட்டினா, வேற வழி இல்லாம மத்ததுக்கிட்ட கேக்கும். அதும் சின்னதுலயே செய்யணும், முத்திப்போனா கஷ்டமாம்.

அப்பாக்கு இது போதும்லா. பாறசால போராட்டக் கூட்டத்துல ஏறி, திருவனந்தபுரம் மூளையாக்கும், நாமெல்லாம் அது தள்ளிப்போட்ட கண்ணாக்கும், தமிழ்நாட்டோட சேந்தாத்தான் வெளிச்சம்னு ஒரு பிரசங்கம். என்னா கைதட்டு! வீட்டுல ரெண்டு பிள்ள கெடக்கு, அதுல ஒண்ணு செல்லியதுதான் அவருக்குக் கேக்கும். அத எந்தக் கூட்டத்துல போய் செல்ல?

சிரிக்காதீங்க அக்கா. பொறாமதான், நான் இல்லன்னா செல்லுதேன்? கெட்டு துணிக்கு அப்பாக்க கோயிலுக்குப் போற வேட்டியக் கிழிச்சாச்சு. கெட்ட அவுக்காம இருந்தா ஏத்தம்பழம். ஊர்வலத்துல எல்லாவனும் கொடியத் தூக்கினா எங்க அப்பா இவளத் தூக்குவாரு. என்னத் தூக்க வேண்டாம், ஏசாம இருந்தாப் போதும். நான் சாயா ஊத்தினா கிளாசுக்கு வெளிய போவும். லேஸ் பின்னப் போனேன், ஊசில நூலு கோக்கதுக்குள்ள விடிஞ்சு போவும், அந்தம்மா போதும்னு அனுப்பிட்டாவ. என்னப் பாக்க வந்த மாப்பிள்ளைக்க அம்மைக்க மடியிலயே சாயாவ ஊத்தி, அந்தக் காரியமும் முடிஞ்சு. கண்ணு பிடரிலயா இருக்கு, சோம்பேறி மடிச்சின்னு அப்பா நாள் முழுக்க ஏசினாரு.

இப்போ அவரு லாக்கப்புல. ஊர்வலத்துல போலீசு வெடிவெச்சுச் சுட்ட அன்னைக்குப் பிடிச்சிட்டுப் போனது. அதான் இவள நான் கூட்டிட்டு வாறேன்.

போன மாசம் இவ குளிக்கும்போ இந்தத் துணி கல்லுல கெடந்துது. இதக் கெட்டினா நம்மளயும் ஆராவது கொஞ்சுவாவளான்னு, சவம், ஒரு ஆச. எடுத்து வலது கண்ணுல கெட்டினேன். முன்ன நின்ன ஜெஸியக் காணல்ல அக்கா. கெணறக் காணல்ல. எல்லாம் கஞ்சித்தண்ணியாட்டு கலங்கிக் கெடக்கு. எனக்கு இவளப் போல மாறுகண்ணு இல்லியே, பாத்தா நேராத்தான் இருக்கும். ஆருக்குத் தெரியும்? எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

டாக்டருட்டயா? பத்தொம்பது வயசாச்சு அக்கா, செல்லி என்னத்துக்கு?

அப்பாட்ட செல்லணும்னுதான் போன ஞாயிறு போனேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு, வலது கண்ணப் பொத்திக்கிட்டு அவரப் பாத்தேன். மொகம் தெரியல்ல, ஒரு வெளுப்பு மட்டும் நிக்குது. அதுக்குள்ள அவரு கேட்டாரு, என்னட்டி, கண்ணுல தூசியா? ஜெஸிக்கு ஒழுங்காக் கெட்டுதியா?

தூசிதாம்ப்பான்னு செல்லிட்டு கைய எடுத்துட்டேன்.

எட்டி ஜெஸி, எழும்பு. உன்னத்தான் கூப்பிடுதாவ.