கயிறு கட்டிய பெஞ்சு

"எங்க வீட்டு பெஞ்சுக்கு யாரோ கற்பூரம் ஏத்திட்டாங்கம்மா" என்றார் முன் இருக்கைக்காரர். செங்கம் சாலை டவுன் பஸ். அவர் மடியில் உப்புத்தாள் சுருள் ஒன்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"பெஞ்சுக்காண்ணா?"

"கிரிவலப் பாதையில எங்க வாசல்ல கிடக்குதே, அதுதான். நடக்க முடியாதவங்க உக்காரட்டும்னு எங்கப்பா போட்டது. சாயந்திரமானா அவரும் அதுலதான் உக்காருவாரு. வெயில்லயும் மழையிலயும் மரம் வெளுத்துப் போச்சேன்னு தேய்ச்சு ஆயில் அடிச்சேன். காயிற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாதுன்னு சுத்திக் கயிறு கட்டினேன். கையில கிடைச்சது மஞ்சள் கயிறு."

"அன்னிக்கு பௌர்ணமியா?"

"அதைத்தான் மறந்துட்டேன். காலையில பார்த்தா குங்குமம், சாமந்திப்பூ, நடுவுல கற்பூரம் எரிஞ்ச கருப்பு."

"கயித்த அவுத்துட வேண்டியதுதானே?"

"அன்னிக்கே அவுத்துட்டேன். மூணு பௌர்ணமி ஆச்சு, பூதான் ஜாஸ்தியாவுது. கால் வலிக்குதுன்னு வர்றவங்ககூட கும்பிட்டுட்டுப் பக்கத்துல தரையில உக்கார்றாங்க."

"அந்தக் கருப்பைத் தேய்ச்சு எடுத்துட்டா சரியாயிடும்ணா."

"அதுக்குத்தான் இந்தத் தாளு. போன வாரமும் ஒண்ணு வாங்கினேன். எடுத்துட்டுப் போய் நின்னேன், கை வரல."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழவில்லை.

"அப்போ அப்பா எங்க உக்கார்றாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வாசப்படியில. எழுந்து உள்ள போறப்போ அவரும் பெஞ்சைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிறாரு."