வெயிலில் கோட்டு

திருவொற்றியூரில் ரயில் ஏறிய பெண், அந்த வெயிலிலும் தடித்த குளிர்கோட்டு போட்டிருந்தாள். கூட அவள் அம்மாவும் ஒரு பெரிய பெட்டியும். கனடா போகிறாளாம். எதிர் சீட்டில் நான்.

"கயட்டாத பாப்பா. அத்த உள்ள வெச்சா பெட்டி மூடாது."

"வேர்த்து ஊத்துதும்மா. கோட்டு எடத்துல இன்னா வெச்ச?"

"கருவாட்டுத் தொக்கு. ஒரு டப்பா."

"ரெண்டு வருசத்துக்கு ஒண்ணுதானா?"

"ஸ்வெட்டரு எடத்த அடச்சிகினு கீதே."

"சொல்லியிருந்தா அத்தயும் போட்டுகினு வந்திருப்பேன்ல!"

அம்மா முந்தானையால் மகளின் கழுத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாக ஒயர் கூடையைத் திறந்தாள்.

"இன்னொரு டப்பா எட்த்தாந்துகீறேன்."

ராயபுரம் வருவதற்குள் அந்தப் பெண் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை உருவிப் போட்டுக்கொண்டு, அதன்மேல் கோட்டையும் மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டாள்.