பதினேழாவது தடவை விழுந்த ஊசி

பெயர் சிக்ஸ்டன் நேஸ்மன், வயது 66, தொழில் துப்பாக்கி பழுதுபார்ப்பது. ஸ்வீடன், ஹார்யெடாலன் பகுதி, லில்ஓசென் கிராமத்தில் ஆற்றுப்பாலத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கிறேன். முப்பத்தொன்பது வருடம் என்னோடு வாழ்ந்த மனைவி மேர்த்தா சென்ற திங்கட்கிழமை வேட்டையில் குண்டு பட்டு இறந்துவிட்டாள். உடன் வேட்டைக்கு வந்த ரூனர் லிண்டெல் அவசரப்பட்டுச் சுட்டுவிட்டார் என்று ஊர் சொல்கிறது. என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வேட்டைக் குழுவின் தலைவராக இருந்த ஏலோஃப் இந்த வசந்தத்தில் காலமானார். அவருடைய துப்பாக்கியை விற்பதற்காக அதன் நிலையைப் பார்த்துச் சான்று எழுதித் தரும்படி அவர் மனைவி ஹில்லெவி கேட்டதன்பேரில், ஜூலை 18ஆம் தேதி சனிக்கிழமை காலை நானும் மேர்த்தாவும் அவர் வீட்டுக்குப் போனோம். துப்பாக்கி 1946இல் செய்தது, ஆறரை மில்லிமீட்டர். குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்வரிகள் கூர்மையாக இருந்தன, வாய்ப்பக்கம் மட்டும் லேசான துரு. மரக்கட்டையில் பழைய கீறல் ஒன்று, வெடிப்பு இல்லை. அதன்பின் தோட்டா போடாமல், தோட்டாவை உள்ளே தள்ளும் தாழை வேகமாக அடித்து மூடிப் பார்த்தேன். இப்படி இருபது தடவை செய்வது என் வழக்கம்; மற்றவர்கள் பத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பதினேழாவது தடவை, விசையில் விரல் இல்லாதபோதே, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி தானாக விழுந்தது. கழற்றிப் பார்த்ததில், ஊசியைப் பிடித்து நிறுத்தும் விசைக் கொக்கியில் அரம் ஓடிய தடம் இருந்தது. கடைசி வருடங்களில் ஏலோஃபுக்கு முடக்குவாதத்தால் விரல் மடங்கவில்லை. விசை இலகுவாக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் அவரே அராவியிருக்கிறார்.

அப்போது ஹில்லெவி காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்து, "அவரு இத யாரையும் தொட விட்டதில்ல, சிக்ஸ்டன். என்னைவிட இதத்தான் நல்லா வச்சுக்கிட்டாரு. குறை ஒண்ணும் இருக்காதே?" என்று சிரித்தபடி கேட்டு, சிரிக்கும்போதே அழுதார். அவர் உள்ளே போனதும் மேர்த்தா, "நல்லாருக்குன்னு எழுதிடு. செத்தவரு செஞ்சத அவகிட்ட போட்டு உடைக்கணுமா? கைமாறுறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்து நீயே சத்தமில்லாம சரி பண்ணிடு" என்றாள். இந்த வார்த்தைகளை எழுத வேண்டாம் என்று, இதைப் பதிவு செய்யும் அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். சொன்னதை எழுதியாக வேண்டும் என்றார். அப்படியானால் பேனா என் கையில்தான் இருந்தது என்பதையும் எழுதவும். "விசை: நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சான்றை இந்தப் பகுதியில் யாரும் இரண்டாவது தடவை படிப்பதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அதன்பின் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரூனர் அதை வாங்கினார். உரிமம் தபாலில் வர செப்டம்பர் 4 ஆகிவிட்டது. வந்த அன்றே ஹில்லெவியிடம் போய் எடுத்துக்கொண்டார். அந்த வாரம் ஊர்த் துப்பாக்கிகள் எல்லாம் என் பட்டறையில் கிடந்தன. இதை எடுத்துவந்து சரிசெய்ய நேரமில்லை என்று சொன்னால் பாதி உண்மை. மறந்துவிட்டேன் என்பது மீதி.

6ஆம் தேதி ஞாயிறு மாலை, யார் எங்கே நிற்பது என்று தொப்பிக்குள் பெயர் போட்டு எடுத்தோம். ரூனருக்குச் சதுப்பு ஓரம் விழுந்தது. "போன வருசமும் அங்கதான். கொசுவெல்லாம் உன்ன விசாரிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்று மேர்த்தா அவரைக் கிண்டல் செய்தாள். ரூனர் துப்பாக்கியை என்னிடம் காட்டினார். சொல்ல வாயெடுத்தேன். எதிரே ஹில்லெவி, "அவரு இல்லாட்டியும் அவரு துப்பாக்கி வேட்டைக்குப் போகுது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் முடியட்டும், ரூனரிடம் தனியாகச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மேர்த்தா, மானைக் கிளப்பிவிட, எங்கள் நாய் துஸ்ஸாவோடு காட்டுக்குள் நடந்தாள். எட்டு மணிக்குச் சற்று முன் ஒரு வெடிச்சத்தம் கேட்டது, உடனே இன்னொன்று. முதலாவது எல்க் மானுக்குச் சுட்டது. அடுத்த தோட்டாவுக்காக ரூனர் தாழை அடித்து மூடியபோது இரண்டாவது வெடித்திருக்கிறது. குழல் பாதைப் பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பாதையில் நாய்க்குப் பின்னால் மேர்த்தா வந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரூனர் தன் சட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் அழுத்திக்கொண்டு, "விசைய தொடவே இல்ல, சிக்ஸ்டன், தொடவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. துஸ்ஸா அந்த இடத்தைவிட்டு வர மறுத்ததால் தூக்கிக்கொண்டு வந்தோம். மேர்த்தாவின் பையில் எனக்கும் சேர்த்து ஊற்றிய காபி பிளாஸ்க் இருந்தது. மாலையில் திறந்தபோதும் சூடாக இருந்தது. குடித்தேன்.

நேற்று, காவல்துறை வல்லுநர் தாழைப் பத்துத் தடவை அடித்துப் பார்த்தும் ஊசி விழவில்லை, என் சான்றும் விசை நன்று என்கிறது, ஆகவே ரூனர் சொல்வது பொய் என்று முடிவாகப்போவதாக அறிந்தேன். அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. பேருந்தை வேறொருவர் ஓட்டுகிறார். இருபது தடவை, போதாவிட்டால் நாற்பது தடவை அடித்துப் பார்க்கவும், கொக்கியைக் கழற்றி அரத் தடத்தைப் பார்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். அவர் விசையைத் தொடவில்லை. என் மனைவியைக் கொன்றது நான் எழுதிய இரண்டு வார்த்தைகள்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஜூலை மாதச் சான்றிலும் இதிலும் இருப்பது ஒரே கையெழுத்தா என்று அதிகாரி கேட்டார். ஒரே கையெழுத்துதான். அதை நம்பிய எல்லோரும் இதையும் நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பம்: சிக்ஸ்டன் நேஸ்மன்
10 செப்டம்பர் 1987