கொக்கி இல்லாத தோல்

— அக்குள்ல கை குடுத்துத் தூக்காதீங்கம்மா. அடியில இருக்கிற மெத்தையோட சேர்த்துத் தூக்குங்க. ஆங், அப்படித்தான்.

— பெத்தவ தூக்கினாக்கூடவா உரியும், டாக்டர்?

— யார் தூக்கினாலும் உரியும். உட்காருங்க. பாப்பாவோட தோல்ல துளியூண்டு எடுத்து அனுப்பினோமே, அதோட ரிசல்ட் வந்துடுச்சு.

— முதல்லயே சொல்லிடுறேன். பொறந்து பன்னெண்டு நாளா இவளை யாரையும் தொட விடல. பெத்த அப்பனைக்கூட விடல. மூத்தவன் விஷயத்துல பட்டது போதும்.

— மூத்தவனுக்கு என்ன ஆச்சு?

— மூணு மாசத்துல போயிட்டான். என் நாத்தனா கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டிட்டா. நாலு வருஷமா ஜெயில்ல இருக்கா. அந்தப் பேச்சு எதுக்கு? இவளுக்கு என்ன, அதைச் சொல்லுங்க.

— கேளுங்க. மேல்தோல்ல இருக்கிற செல்லெல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும். அடியில இருக்கிற தோலையும் கொக்கி போட்டுப் பிடிச்சிருக்கும். பாப்பாவுக்குப் பக்கத்துப் பிடி நல்லாத்தான் இருக்கு. அடிக் கொக்கிதான் சரியா உருவாகல. அதனால லேசா உரசினாலே மேல்தோல் மொத்தமா கழண்டு, நடுவுல நீர் கோத்துக்குது.

— பார்த்தா வெந்த மாதிரியே இருக்கே.

— ஆமா. தெரியாதவங்க தீக்காயம்னுதான் நினைப்பாங்க. மூத்தவனுக்கு எங்கெங்க கொப்புளம் இருந்துச்சு?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்கம்மா.

— முதுகுல. அக்குள்ல. துண்டால துடைச்ச இடமெல்லாம். அதுக்கு முன்னாடியும் அங்கங்க ஒண்ணு ரெண்டு வரும், வேர்க்குருன்னு விட்டுட்டோம். அவ கை எப்பவுமே கொஞ்சம் அழுத்தம்... டாக்டர், அந்த ஆஸ்பத்திரியில வெந்த புண்ணுன்னு எழுதிக் குடுத்தாங்க. பெரிய டாக்டரே எழுதினாரு.

— செருப்பைக் கழட்டுங்க. உங்க கால் விரலைப் பார்க்கணும்.

— இதுவா? சின்ன வயசுலேருந்தே நகம் முளைக்காது. புது செருப்பு போட்டா குதிகால் கொப்புளிக்கும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான்.

— உங்களுக்கு லேசா வந்திருக்கு. பிள்ளைங்களுக்குக் கடுமையா இறங்கியிருக்கு. அது யார் கையிலயும் இல்ல. உங்க தப்பு இல்லம்மா.

— அப்ப அவ தப்பும் இல்லையா?

— இருக்காதுன்னுதான் தோணுது. பிரேதப் பரிசோதனையில எடுத்த தோலை வெச்சிருப்பாங்க. அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லி இன்னைக்கே எழுதித் தர்றேன். வக்கீலைப் பாருங்க. அவங்க வெளிய வர வழியிருக்கு.

— டாக்டர், நான் அன்னைக்கு அடுத்த ரூம்ல தூங்கிட்டிருந்தேன்.

— என்னம்மா சொல்றீங்க?

— பிள்ளை அழுத சத்தத்துலதான் எழுந்தேன். தண்ணிய நான் பார்க்கவே இல்ல. கோர்ட்டுல மட்டும், ஆவி பறந்துச்சு, கண்ணால பார்த்தேன்னு சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்த வெறி. வேற எதுவும் தோணல.

— அவங்க மறுக்கலையா?

— இத்தனை வருஷமும் அதையேதான் சொன்னா. வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சு, வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சுன்னு.

— அதையும் வக்கீல்கிட்ட சொல்லுங்க. நீங்க சொன்ன பொய்யையும் சேர்த்து.

— போன மாசம் லெட்டர் போட்டிருக்கா, டாக்டர். ‘நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி, யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், தண்ணி சூடாத்தான் இருந்திருக்கு, என்னை மன்னிச்சிடுங்க’ன்னு.