பதினான்கு பேராகத் தோற்ற நாள்

நான் ஒலிவாங்கியைத் தொட்டதிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவரே, நம் ரக்பி சங்கத்தின் தலைவர் இஸோகாய் அவர்களே! விழா நாயகன் மினாகியின் பக்கத்து நாற்காலிக்காக இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மேடைப் பெருமக்களே! மொஜித் துறைமுகத்தின் மூத்தோரே! சேறு படிந்த சட்டைகளை வாரந்தோறும் வெளுத்து வெளுத்தே கை வெளுத்துப்போன தாய்மார்களே! சேர்ந்து ஆடி, சேர்ந்து அடிபட்ட தோழர்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நான் தொபிதா. மீன் சந்தையில் என்னைத் தெரியும். அதற்கு முன் நம் நாரைகள் அணியின் முன்வரிசையில், மினாகியின் இடத்தோளில் கை பிணைத்துப் பத்தாண்டுகள் முட்டித் தள்ளியவன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பதாகை! "மொஜியின் மாவீரன் மினாகி!" அடடா, எத்தனை பெரிய எழுத்து! ஏழாண்டுகளுக்கு முன் இதே ஊர் அவருடைய கார்க் கண்ணாடியில் எழுதியதும் பெரிய எழுத்துதான். அன்று எழுதிய சொல் "துரோகி". எழுதிய கை எது? இன்று தட்டுகிற கைகளில் ஒன்றுதானே!

யார் இந்த மினாகி? பதினெட்டு வயதில் கப்பல் பட்டறைக்கு வந்தவர். பகலெல்லாம் துருச் சுரண்டுவார். மாலையெல்லாம் மண்ணில் புரள்வார். இருபத்து நான்கில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர். இருபத்தெட்டில் அணித் தலைவர். மூக்கு மூன்று முறை உடைந்தது. காதுகள் இரண்டும் பிசைந்த மாவாய்ச் சுருண்டன. அப்போது நாம் என்ன கேட்டோம்? "வலிக்கிறதா?" என்றா கேட்டோம்? "மேல் பிரிவுக்கு எப்போது போவோம்?" என்றுதான் கேட்டோம்!

போகிற நாளும் வந்தது. தகுதிப் போட்டி. பத்தொன்பதுக்குப் பதினேழு, நாம் முன்னிலை. பதினோரு நிமிடம் மிச்சம். இருபத்திரண்டு வயது செகாவா ஓடிவந்தவனைப் பிடித்துச் சாய்த்தான். முழங்கால் ஒன்று அவன் தலையில் இடித்தது. எழுந்தான். எழுந்தவன் எங்கே போய் நின்றான் தெரியுமா? எதிரணியின் வரிசையில்! அரங்கமே சிரித்தது. நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மினாகி மட்டும் ஓடினார்.

"டேய் செகாவா, இது எந்த மைதானம்டா?"

"ஸ்கூல் பஸ் வந்துடுச்சாண்ணே? பையை வீட்டுல விட்டுட்டேன்."

கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் குசாபா கத்தினார்: "ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு! மாத்து ஆளுங்க தீர்ந்துபோச்சு, ஆடச் சொல்லு!" டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொன்னேன்? "கேப்டன், பதினோரு நிமிஷம்தானே. தாங்கிடுவான், விடு."

"அவங்க அம்மா வந்து கேட்டா நீ தாங்குவியா, தொபிதா?"

அவ்வளவுதான். நேரே நடுவரிடம் போனார். பையனை வெளியே அனுப்பினார். பதினைந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைப் பதினான்கு பேராக ஆடினோம். கடைசி நிமிடத்தில் ஐந்து புள்ளி கொடுத்தோம். தோற்றோம்.

அன்று மாலையே செகாவாவின் மண்டையைத் திறந்தார்கள். உள்ளே இரத்தக் கசிவு. இன்னொரு இடி விழுந்திருந்தால் பையன் இல்லை என்றார் அறுவைச் சிகிச்சை செய்தவர். அதைக் கேட்டாவது திருந்தினோமா? "அவன் முன்னாடியே சீக்காளி" என்று கதை கட்டினோம்! மினாகியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வயதாம், வேகம் போதாதாம்!

யாரது, "பழசை ஏன்யா கிளறுறே" என்பது? உதோன் நூடுல்ஸ் கடை ஹமசாகியா? வாருங்கள் ஐயா! தோற்ற பிறகு பசியோடு வந்த மினாகியிடம் "கடை மூடியாச்சு" என்றீர்களே, அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்ததே! எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவனே நான்தான். கிண்ணத்திலிருந்து தலை நிமிராத மாவீரன் நான்!

அதன்பின் தொலைவில் மியாசாகி ஊரில் ஒரு குட்டி அணி. பகலில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பெட்டி தூக்கினார், மாலையில் ஆடினார். ஏழாண்டுகள்! முப்பத்தெட்டு வயதில் அவர் ஆடிய கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நாற்பது பேர். அதில் மொஜிக்காரர் எத்தனை? ஒருவன். செகாவா. சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்கவே எட்டு மாதம் மறுபடி பழகி, இன்று ரொட்டி சுடுகிற செகாவா. போன குளிர்காலத்தில் அவன் தொலைக்காட்சியில் வாய் திறந்து, தன் உயிரைக் காத்தவர் மினாகி என்று சொன்ன பிறகல்லவா நமக்கு இந்தத் திடீர்ப் பாசம்!

அவரை இளைஞர் அணிக்குப் பயிற்சியாளராக அழைத்திருக்கிறது சங்கம். காலையில் அவர் கொடுத்த பதில் இந்தத் தாளில் இருக்கிறது. "டாக்டர் வெளியே என்றால் வெளியே. பயிற்சியாளர் குறுக்கே பேசக்கூடாது. நானானாலும் சரி. இதை விதியாக எழுதினால் வருகிறேன்." தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "விழா நல்லபடியா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

இஸோகாய் ஐயா, விழா முடிந்தால் நாற்காலி மடிப்போம். விதி எப்போது எழுதுவோம்? இதோ தாள், இதோ பேனா, இதோ மக்கள்! கையெழுத்துப் போடலாமா, மக்களே?

கேட்டதா ஐயா அந்தக் கைதட்டல்? குசாபா சார், எங்கே எழுந்துவிட்டீர்கள்? கழிப்பறை அந்தப் பக்கம் இல்லை!

போடுகிறார்... போட்டுவிட்டார்! கேமராவுக்காகப் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

மினாகி, ஏழு வருஷம் உனக்கு ஒரு போன்கூடப் பண்ணலை. பயமில்லைடா, வெட்கம். மன்னிச்சிடு.

என்ன சொல்கிறார் கேட்டீர்களா? "சீக்கிரம் முடிடா, பீர் சூடாகுது" என்கிறார்!

முடிக்கிறேன். திட்டத் திட்டப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி; இனி எந்தப் பிள்ளைக்காவது தலையில் அடிபட்டால் சிரிக்காமல் எழுந்து நிற்கப்போகும் உங்களுக்கு என் வணக்கம்!